வேப்பமரத்தில் தொங்கிய தறி நாடா

எனக்கு அறுபத்தாறு நடக்கிறது. வளர்த்து ஆளாக்கியது ஆறு பேரை. நான் பெற்றது நாலு, என் தங்கை கண்ணை மூடியபோது விட்டுப் போனது ரெண்டு. ஆறு பேரில் ஒருவரும் இன்னொருத்தர் வாசலில் போய் நின்றதில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ்ஸில் ஊர்ப் பெயர் படிக்கத் தெரியும், அதற்கு மேல் கிடையாது. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எழுத்து அவளுடையது, வார்த்தை என்னுடையது.

போன வாரம் நம் மகளிர் குழுவிலிருந்து மூன்று பேர் வந்தீர்கள். பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் இருக்கிற ஒயின்ஷாப்பை எடுக்கச் சொல்லி ஊர்வலம் போகிறோம் என்றீர்கள். "உங்கம்மா அந்தக் காலத்துலயே சாராயக்கடையை மூட வெச்சவங்க ஆச்சே. நீ மைக்கைப் புடிச்சு நாலு வார்த்தை பேசும்மா" என்றீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். காபி குடித்துவிட்டுப் போனீர்கள். யோசித்தேன். மைக்கில் நின்று சொல்ல என்னால் ஆகாது. ஆகவே எழுதித் தருகிறேன். எல்லாரும் என் வயசுக்காரிகள்தான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எனக்கு அப்போது பதினோரு வயது. அரசாங்கம் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திறந்துவிட்ட காலம். அதற்கு முன்னால் இருபது வருஷத்துக்கு மேல் மதுவிலக்கு இருந்தது. ஒளித்துக் குடித்தவர்கள் எங்கேயோ இருந்திருப்பார்கள். ஆனால் எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் குடித்த ஆம்பளையைப் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை. அந்த வாடை எப்படி இருக்கும் என்றே அவர்களுக்குத் தெரியாது. இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவில் ஒரு வீடு விடாமல் தறி. என் அப்பாவை நான் நயினா என்றுதான் கூப்பிடுவேன். நயினா தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வார். நம் ஊர்ச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ரெண்டையும் கோர்த்து நெய்ய ஒரு ஆள் போதாது. பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து கரை நாடாவை எறிய வேண்டும். நாடா என்றால் ஊடை நூலை வயிற்றில் வைத்துக்கொண்டு நீளவாக்கில் கட்டிய பாவு நூலுக்கு நடுவில் குறுக்கே ஓடுகிற கட்டை. சின்னப் படகு மாதிரி இருக்கும். நயினா எறிவார், நான் எறிவேன், அவர் நூல் நெருங்கும்படி பலகையை இழுத்து அடிப்பார். காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை இதுதான். எங்களைப் போன்றவர்களுக்குக் கோர்வைப் பிள்ளை என்று பேர். நயினாவின் தோளுக்கும் என் தோளுக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும். அவர் காலையில் தின்றது என்ன, போட்ட வெற்றிலை எத்தனை, எல்லாம் எனக்குத் தெரியும்.

கடை திறந்து ரெண்டு மாசம் ஆகியிருக்கும். தெருக்கோடி வீட்டு அண்ணன் மத்தியானமே குடித்துவிட்டு வந்து, நெய்துகொண்டிருந்த சேலையின் மேலேயே வாந்தி எடுத்துவிட்டார். மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட கல்யாணச் சேலை. பாதி நெய்து பாதி பாவு பாக்கி இருந்தது. அவர் பெண்சாதி ஓடி வந்து எங்கள் வாசலில் விழுந்து அழுதாள். அம்மா அவளை எழுப்பிவிட்டு, தலையை முடிந்துகொண்டு தெருவில் இறங்கினாள்.

"மனுசன் கெட்டா தண்ணி ஊத்திக் கழுவிடலாம். பட்டு கெட்டா இன்னாடி பண்றது? எல்லாரும் வாங்கடி கோயிலுக்கு."

அப்படி ஆரம்பித்ததுதான் சங்கம். தெருமுனை அம்மன் கோயிலில் முப்பது பெண்கள் உட்கார்ந்தார்கள். அம்மாவுக்குத்தான் குரல் பெரிசு, அதனால் அவளே தலைவி. அன்றிலிருந்து எங்கள் தெருவில் அவளுக்கு சங்கத்தம்மா என்று பேர்.

கடைக்குப் போய்க் கல் எறியலாம் என்றாள் ஒருத்தி. போலீஸ் வரும் என்றாள் இன்னொருத்தி. அம்மாதான் வழி சொன்னாள். எந்த வீட்டு ஆம்பளை குடித்துவிட்டுத் தறியில் உட்காருகிறானோ அந்த வீட்டு நாடாவை எடுத்து, மஞ்சள் கயிறு கட்டி, கோயில் வேப்பமரத்தில் தொங்கவிடுவது. எட்டு நாள் அது அங்கேயே இருக்கும். ஒன்பதாம் நாள் அவன் வந்து, அம்மன் முன்னால் நாடாவைத் தொட்டு இனிமேல் குடிப்பதில்லை என்று சத்தியம் பண்ணினால் திருப்பிக் கொடுப்பது. வேறு நாடா வாங்கி ஓட்டிவிடலாமே என்று நினைப்பீர்கள். ஓட்டலாம். ஆனால் தெருவே தறிச் சத்தம் போடும்போது ஒரு வீடு மட்டும் சத்தமில்லாமல் இருந்தால் அந்த வீடுதான் எல்லார் காதிலும் விழும். கோடி வீட்டு அண்ணன் எட்டு நாளும் வாசலில் தலை காட்டவில்லை. ஒன்பதாம் நாள் வந்து அழுதுகொண்டே சத்தியம் பண்ணினார். பெண்களுக்கு அப்போது வந்த தைரியத்தைப் பார்க்க வேண்டுமே.

யார் குடிக்கிறான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெண்சாதியைக் கேட்டால் சொல்ல மாட்டாள். அதற்கும் அம்மாவே வழி சொன்னாள். கோர்வைப் பிள்ளைகளைக் கேட்பது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்களை எல்லாம் வேப்பமரத்தடியில் வரிசையாக நிற்க வைத்து, "உன் தறியில வாடை வந்துச்சா?" என்று கேட்பார்கள். எங்களுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது.

எது வாடை என்று முதலில் எங்களுக்குக் கற்றுக் கொடுக்க வேண்டியிருந்தது. கற்றுக் கொடுக்கிறவர்களுக்கே தெரியாதே. தாமல் ஏரிப் பக்கத்திலிருந்து கீரை கொண்டு வருகிற அம்மாவிடம் சொல்லி, ஒரு சொம்பு கள்ளு வரவழைத்தார்கள். வாழையிலை போட்டு மூடி, கோயிலுக்குள் வேண்டாம் என்று மரத்தடியில் வைத்தார்கள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே ஒவ்வொருத்தியாகக் குனிந்தாள்.

"முந்தானையை எடுத்துட்டு மோந்து பாருடி. பொத்திக்கினு மோந்தா இன்னா தெரியும்?"

"ஐய, இட்லி மாவு பொங்கிப் போனா இப்படித்தானே இருக்கும்!"

"நாலு நாள் ஆன பாவுக்கஞ்சிடி இது. இதுக்கா இந்த ஆம்பளைங்க ஓடுறானுங்க?"

"ஒரு வாய் குடிச்சுப் பாரேன் அக்கா, ஏன் ஓடுறாங்கன்னு தெரியும்."

"சீ போடி. உம் புருசனுக்கு எடுத்துக்கினு போ."

அவ்வளவு சிரிப்பு. பாவுக்கஞ்சி மாதிரி இருக்கிறது என்று அன்றைக்கு ஒருத்தி சொன்னாள், எல்லாரும் கேட்டார்கள், எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒருத்திக்கும் அது நினைவு வரவில்லை.

பாவுக்கஞ்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவு நூலை விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். அதன் மேல் சோற்றுக்கஞ்சி தெளித்து, நீவிவிட்டு, வெயிலில் காய வைப்பார்கள். அப்போதுதான் நூல் விறைப்பாக நிற்கும். எங்கள் எதிர்வீட்டு மாமா கையில்தான் கஞ்சிப் பக்குவம். புளிக்க வேண்டிய அளவுக்குப் புளிக்க வைப்பார். தெருவில் யார் பாவு கட்டினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கஞ்சி போட்டுவிட்டு அதே சட்டையோடு போய்த் தன் தறியில் உட்காருவார். ஏகாதசி தவறாமல் விரதம் இருப்பார், வரதர் கோயிலுக்கு நடந்தே போவார், பீடிகூடப் பிடிக்க மாட்டார். வாய் மட்டும் அடங்காது. சங்கத்துப் பெண்கள் தெருவில் வந்தால், "மோப்ப சங்கம் வருது, வழி விடுங்கப்பா!" என்பார்.

"மோந்தா தெரியற மாதிரி இருந்துக்காதே அண்ணே, அவ்ளோதான்" என்பாள் அம்மா.

மற்ற பெண்களும் சிரிப்பார்கள். ஆனால் உள்ளுக்குள் அவர் மேல் எல்லாருக்கும் ஒரு கடுப்பு.

அவர் மகள் எனக்கு ஒரு வயது சின்னவள். அவளும் கோர்வைப் பிள்ளை. ஒரு பவுடர் டப்பாவில் நாங்கள் ரெண்டு பேரும் ஜரிகைத் துணுக்கு சேர்த்து வைத்திருந்தோம். தறிக்கடியில் விழுகிறதைப் பொறுக்கிப் போடுவோம். டப்பா நிறைந்தால் உருக்கி மூக்குத்தி செய்துகொள்ளலாம் என்று எண்ணம். ஒரு வாரம் அவள் வீட்டில் இருக்கும், ஒரு வாரம் எங்கள் வீட்டில்.

இனிமேல்தான் சொல்லக் கஷ்டமான பாகம்.

என் நயினா குடித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, நூல் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போவார். வந்து உட்கார்ந்தால் அந்தச் சொம்பிலிருந்து வந்த வாடை. சத்தம் போட மாட்டார், அடிக்க மாட்டார், ஒரு இழை தப்பாது. குழியில் காலைத் தொங்கவிட்டு இருபது வருஷம் உட்கார்ந்த இடுப்பு. வலி தாங்காமல் குடித்தார் என்று இப்போது சொல்வேன். அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை, பயம்தான் இருந்தது. முதல் நாள் நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். எழுந்து போய், மூலையில் இருந்த கஞ்சிச் சட்டியில் கையை விட்டு, கழுத்திலும் பனியனிலும் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"பாவுக்கஞ்சிமா" என்றார்.

"ஆமா நயினா" என்றேன்.

அவர் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தினமும் தடவிக்கொண்டுதான் உட்காருவார். ஆனால் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறவளுக்கு வித்தியாசம் தெரியாதா? கஞ்சி சட்டையில் இருக்கும். கள்ளு மூச்சில் இருக்கும். சட்டையை விட்டுவிட்டு மூச்சை மோந்து பார்த்தால் எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். இந்த வித்தியாசம் அந்தத் தெருவிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மா என்னைத்தான் முதலில் கேட்பாள். "எங்க வூட்டைக் கேட்டுட்டுத்தான் மத்த வூடு" என்பாள். நான் "இல்லை" என்பேன். அம்மா ஒரு தடவை சுற்றிப் பார்ப்பாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அவள் உட்காரச் சொன்னால் முப்பது பெண்கள் உட்கார்ந்தார்கள். பஞ்சாயத்துப் பெரியவர் அவளை நிறுத்திப் பேசினார். அவள் புருஷன் பேரை நான் சொன்னால் அடுத்த நிமிஷம் அதெல்லாம் இல்லை. அது எனக்குப் பதினோரு வயதிலேயே தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான், நான் இல்லை என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றேன். எதிர்வீட்டு மாமா மகள் முறை வந்தது.

"உன் தறியில வாடை வந்துச்சா?"

"வருது" என்றாள்.

"இன்னா வாடை?"

"புளிச்ச வாடை. எப்பவும்தான் வருது."

யாரோ ஒருத்தி கையைத் தட்டினாள். "பாத்தியா! விரதம் இருக்கிறவரு! மோப்ப சங்கம்னு சொன்னவரு!" அவள் பயந்து போய், "கஞ்சி வாடைதான் அது, கஞ்சி" என்றாள். கேட்கிற நிலையில் யாரும் இல்லை. அப்பனைக் காப்பாற்றப் பேச்சை மாற்றுகிறாள் என்றார்கள். அவள் ஓடி வந்து என் பாவாடையைப் பிடித்தாள்.

"நீ சொல்லேன்டி. நீதான் எங்க வூட்டுக்கு தினம் வர்றியே. அது கஞ்சிதானே? சொல்லேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். "சொல்லுமா. உனக்குத் தெரியுமா?"

கஞ்சி சட்டையில் இருக்கும், கள்ளு மூச்சில் இருக்கும், அவர் மூச்சை மோந்து பாருங்கள் என்று சொன்னால் போதும். பிறகு எல்லா வீட்டிலும் மூச்சைத்தான் மோந்து பார்ப்பார்கள். எங்கள் வீட்டிலும்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அவள் என் பாவாடையை விட்டாள்.

பெண்கள் போய் நாடாவை எடுத்தார்கள். எதிர்வீட்டு மாமா தடுக்கவில்லை. குழியிலிருந்து எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு நாள் போனது. ஒன்பதாம் நாள் சத்தியம் பண்ணக் கூப்பிட்டார்கள்.

"குடிச்சவன் நிறுத்திடறேன்னு சத்தியம் பண்ணலாம். குடிக்காதவன் இன்னாத்தை நிறுத்துறது?" என்றார்.

வரவில்லை. வேறு நாடாவும் வாங்கவில்லை. யாரும் பாவுக்குக் கஞ்சி போட அவரைக் கூப்பிடவில்லை. பத்து நாள், பன்னிரண்டு நாள். எதிர்வீட்டில் சத்தம் இல்லை. எங்கள் தறி அடிக்கிற ஒவ்வொரு அடியும் எனக்கு ரெண்டாகக் கேட்டது. ஒரு நாள் காலையில் எங்கள் வாசற்படியில் பவுடர் டப்பா இருந்தது. உள்ளே ஜரிகை எல்லாம் அப்படியே இருந்தது. அந்த டப்பா பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை. எத்தனையோ வருஷம் தேடிவிட்டேன்.

எனக்கு ஜுரம் வந்தது. அம்மைதானோ என்று வேப்பிலை சொருகினார்கள். தறி நிற்கக் கூடாதே, கல்யாணச் சேலை. அம்மா என் இடத்தில் உட்கார்ந்து கரை நாடாவை எறிந்தாள். கல்யாணமான புதுசில் எறிந்தவள்தான், கை மறக்கவில்லை. பாயில் படுத்தபடி நான் அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் நயினா நூல் பார்க்கப் போனார், வந்தார், சட்டியில் கையை விட்டுத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஓடியது. அம்மா கை நின்றது. நயினா பலகையைப் பிடித்தபடி காத்திருந்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. மறுபடி எறிந்தாள். ரெண்டு நாள் அப்படியே உட்கார்ந்து எறிந்தாள். சாப்பாடு போட்டாள். எனக்குக் கஞ்சி ஊட்டினாள்.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில், தெருவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வேப்பமரத்துக்குப் போனாள். நாடாவை அவிழ்த்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள். எங்கள் கதவு திறந்திருந்தது, நான் படுத்த இடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. அவர் வந்தார். அம்மா நாடாவை நீட்டினாள்.

"வாங்கிக்க அண்ணே. தப்பு நடந்து போச்சு."

அவர் கையை நீட்டவில்லை.

"தெருவுல வெச்சு எடுத்தே. தெருவுல வெச்சுக் குடு. நான் குடிக்கலேன்னு எல்லாரையும் கூப்புட்டு ஒரு வார்த்தை சொல்லு. வாங்கிக்கிறேன்."

அம்மா நின்றாள். அந்த ஒரு வார்த்தை சொன்னால் எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். கேட்டால் எங்கள் வீட்டுக் கதை வெளியே வரும். ரொம்ப நேரம் நின்றாள் என்று எனக்கு ஞாபகம். ஒருவேளை கொஞ்ச நேரம்தானோ என்னவோ. பிறகு நாடாவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். என் தலையில் கை வைத்து ஜுரம் பார்த்தாள்.

அமாவாசைக்கு எந்தத் தறியும் ஓடாது. அன்றைக்கு அவர்கள் போனார்கள். மாமா பாதி நெய்த சேலையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்தார். நெய்கிறவன் அதைச் செய்ய மாட்டான், செய்தால் அந்த வீட்டில் இனி தறி இல்லை என்று அர்த்தம். ஒரு மாட்டு வண்டியில் சாமான். ஆரணிப் பக்கம் என்று யாரோ சொன்னார்கள். அவர் மகள் வண்டியில் பின்பக்கமாகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னலில் இருந்தேன். அவள் பார்த்தாளா இல்லையா என்று தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா, "இனிமே புள்ளைங்களைக் கேக்க வேணாம்" என்று மட்டும் சொன்னாள். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். பெண்பிள்ளையைத் தறியை விட்டு எழுப்பிப் பள்ளிக்கூடம் அனுப்பிய சங்கத்தம்மா என்று அதற்கும் பேர் கிடைத்தது. ஒரு வருஷம் போனேன். எனக்குத் தெரிந்த எழுத்து அவ்வளவும் அந்த வருஷத்து எழுத்து. அவள் எதற்காக என்னை எழுப்பினாள் என்று எனக்குத் தெரியும். என் இடத்தில் அவளே உட்கார்ந்துகொண்டாள், நயினா பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில், அவளுக்குக் கண் தெரிந்தவரை. நயினா நிறுத்தினாரா என்றால், குறைத்தார். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ரெண்டு மூன்று வருஷத்தில் அரசாங்கமே எல்லா ஊரிலும் கடையை மூடியது. எங்கள் ஊரில் அதைச் சங்கத்தம்மாதான் மூடினாள் என்று சொல்லி மாலை போட்டார்கள். அம்மா மாலையை வாங்கிக்கொண்டு வந்து ஆட்டுக்குப் போட்டாள். நீங்கள் இத்தனை வருஷமாகச் சொல்கிற பெருமை இதுதான். பெருமை இல்லை என்று நான் சொல்லவில்லை. கோடி வீட்டு அண்ணன் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், அது அம்மாவால்தான். என் அம்மாவை யாரும் குறைத்துப் பேசினால் நான் விட மாட்டேன். ஆனால் எதிர்வீட்டு நாடாவும் என்னிடம்தான் இருக்கிறது. அம்மா வைத்திருந்தாள், அவளுக்குப் பிறகு என் பெட்டிக்கு வந்தது. மஞ்சள் கயிறு நைந்து போய்விட்டது. கட்டை இன்னும் வழுவழுவென்றுதான் இருக்கிறது, எதிர்வீட்டு மாமா விரல் பட்டுப் பட்டு ஆன வழுவழுப்பு.

ஊர்வலத்துக்கு நான் வருகிறேன். முட்டி வலிக்கும், ஆட்டோ வைத்தாவது வருவேன். அந்தக் கடை போக வேண்டியதுதான். ஒன்றே ஒன்று. யார் வீட்டில் யார் குடிக்கிறார்கள் என்று பிள்ளைகளைக் கேட்கப் போவதாக அன்றைக்கு வந்தபோது உங்களில் ஒருத்தி சொன்னாள் பாருங்கள், அதை மட்டும் செய்யாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இதைப் பேத்தி தனி வரியாக எழுதட்டும்.

எதிர்வீட்டு மாமா குடிக்கவில்லை. அது கஞ்சி வாடை. எனக்கு அன்றைக்கே தெரியும்.

எழுதிட்டியாமா? எங்க, படிச்சுக் காட்டு. இரு, இரு, இங்க வேணாம். எழுந்து போய் வாசக்கதவைத் திற. எதிர்வீட்டுல இப்ப யாரு குடி இருந்தா இன்னா, இருக்கட்டும். தெருவுல வெச்சுத்தான் கேட்டாரு அவரு. படியில இறங்கி நின்னு, சத்தமா படி.